சிட்னி – லண்டன் ஆகாய மார்க்கம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்திலிருந்து லண்டன் மாநகருக்கு, பூகோள உருண்டையின் மீது நூலை இழுத்துப் பிடித்தாற்போன்ற மிகக் குறுகிய வழியில் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் தூரம் உண்டு. தட்டையான தேசப்படத்தைப் பார்ப்பவர் இவ்வழி இந்து மகாசமுத்திரத்தையும் அரேபியாவையும் கடந்து செல்வதாக எண்ணக்கூடும். மெய்யாகவோ அது தென்சீனக் கடல், சீனா, கஜகஸ்தான், ரஷ்யா ஆகியவற்றின் மேலாக வடக்கே வளைந்து செல்வதாகும்.

1919ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி லண்டனையடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து, ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்கள் இரண்டு இயந்திர நிபுணர்களுடன் விக்கர்ஸ் விமி விமானத்தில் புறப்பட்டு, டிசம்பர் 10ஆம் தேதி டார்வினில் இறங்கி, ஆஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்திருந்த 10,000 பவுன் பரிசைப் பெற்றனர். 1935இல் பிரயாணிகளுக்கான போக்குவரத்து ஆரம்பமானபொழுது, பிரிஸ்பேனிலிருந்து லண்டன் சேரப் பன்னிரண்டரை நாட்கள் பிடித்தன.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி இம்மார்க்கம் அறுபட்ட பின்னர் நடந்ததே இச்சரித்திரத்தில் மிகவும் வியக்கத்தக்க பகுதி எனலாம். 1943 முதல் பெர்த் நகரத்து ஸ்வான் நதிக்கும், இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே, 5,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சமுத்திரப் பரப்பை, காட்டலினா என்னும் கடல்விமானங்கள் எங்கும் இறங்காமலே கடந்தன. பகைவர் காதில் விழாதிருக்கும்பொருட்டு வானொலியை மௌனமாக்கி, நக்ஷத்திரங்களைக் கொண்டே திசையறிந்து, தபாலுடன் மூன்று பிரயாணிகளை மட்டுமே சுமந்து சென்ற அவ்விமானங்கள் 27 முதல் 32 மணி நேரம் வரை ஆகாயத்திலேயே இருந்தமையால், உள்ளிருந்தோர் ஒரே பிரயாணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டனர். அதற்கென ஓர் அத்தாட்சிப் பத்திரமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. இருக்கை வசதி குறித்து இக்காலத்துப் பிரயாணிகள் குறைகூறும்பொழுது இவர்களை நினைத்துக்கொள்வது நன்று.

1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனத்தார் கான்ஸ்டலேஷன் விமானங்களைக் கொண்டு, சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ முதலிய இடங்களில் தங்கி, நான்கே நாட்களில் லண்டன் சேர்ப்பித்தனர். 1989 ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் போயிங் 747-400 ஒன்று, அநேகமாகக் காலியாக, விசேஷ எரிபொருள் நிரப்பப்பெற்று, அதில் ஒரு துளியும் வீணாகாதபடி ஓடுபாதை வரை இழுத்துச் செல்லப்பட்டு, லண்டனிலிருந்து சிட்னியை 20 மணி 9 நிமிஷத்தில் ஒரே மூச்சில் அடைந்தது. பிரயாணிகள் நிரம்பிய விமானத்துக்கு அது சாத்தியமாகவில்லை. 14,500 கிலோமீட்டர் தூரமுள்ள பெர்த் – லண்டன் நேர்வழியே 2018 மார்ச்சில்தான் திறக்கப்பெற்றது. அதற்கு ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகிறது.

சிட்னியிலிருந்து வழியில் ஓரிடத்தில் மட்டும் தங்கிச் செல்வோர்க்குப் பெரும்பாலும் 22 முதல் 25 மணி நேரம் வேண்டும். திரும்பி வருகையில் இது சற்றுக் குறைவதற்குக் காரணம், பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக்காற்றே. பருவத்துக்குப் பருவம் அதன் வலிமை மாறுபடுவதால், ஒரே மார்க்கத்துக்குரிய கால அட்டவணையும் குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்றாக வேறுபடுவதுண்டு.