வீக்எண்ட் சரக்கு பில்லைக் குறைச்சா ஹோம் லோன் 4 வருஷம் முன்னாடியே முடியுமா? ஒரு இ.எம்.ஐ கணக்கு!

"அஞ்சு வருஷமா ஒரு மாசம்கூட தவறாம கட்டியிருக்கேன் மச்சான். ஆனா, கடன் அப்படியே நிக்குது!"

தாம்பரம் பக்கம் ஃப்ளாட் வாங்கிய நண்பன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோன் ஸ்டேட்மென்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனில் புலம்பியது இது. முந்தின நாள் ராத்திரி பாரில் 1,700 ரூபாய் பில் கட்டிய தலைவலி அவனுக்கு இன்னும் இறங்கவில்லை. அந்தத் தலைவலிக்கும் இந்த ஸ்டேட்மென்ட்டுக்கும் சம்பந்தம் இருக்கு என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

அவன் வாங்கியது 30 லட்சம் ரூபாய். 20 வருடக் கடன். வட்டி இடையில் ஏறி இறங்கினாலும், புரிவதற்காக 8.5 சதவிகிதம் என்றே வைத்துக்கொள்வோம். இ.எம்.ஐ சுமார் 26,035 ரூபாய். 5 வருடத்தில் அவன் கட்டியது 15 லட்சத்து 62 ஆயிரம். பாக்கி எவ்வளவு தெரியுமா? 26 லட்சத்து 44 ஆயிரம்!

கட்டின காசெல்லாம் எங்கே போச்சு?

யாரும் ஏமாற்றவில்லை. கணக்கே அப்படித்தான். ஒவ்வொரு மாதமும் பாக்கி இருக்கும் அசலுக்கு வட்டி போடுவார்கள். 30 லட்சத்துக்கு 8.5 சதவிகிதம் என்றால் வருடத்துக்கு 2,55,000, மாதத்துக்கு 21,250. நீங்க கட்டுற 26,035-ல் முதலில் இந்த வட்டியை எடுத்துக்கொண்டு, மிச்சம் 4,785 ரூபாயைத்தான் அசலில் கழிப்பார்கள். அடுத்த மாதம் வட்டி துளியூண்டு குறையும், அசல் துளியூண்டு கூடும். வட்டியைவிட அசல் அதிகமாகக் கழிய ஆரம்பிப்பதே 12-வது வருடத்தில்தான். 20 வருடமும் இப்படியே கட்டினால் மொத்தம் 62 லட்சத்து 48 ஆயிரம். அதாவது, வாங்கின கடனைவிட வட்டி அதிகம்.

இதில் நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று இருக்கிறது. இ.எம்.ஐ-க்கு மேல் நாம் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலில்தான் கழியும். அந்த ரூபாய்க்கு இனி கடைசி வரை வட்டியே கிடையாது. இதே கடனில் ஆரம்பத்திலேயே ஒரே ஒருமுறை 50,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், கடைசியில் 10 தவணை காணாமல் போகும். 10 தவணை என்பது 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். போனஸ் வந்ததும் போன் மாத்தலாமா என்று யோசிக்கிறவங்க இந்த ஒரு வரியை இன்னொரு தடவை படிங்க.

மாதாமாதம் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால்? முதல் மாதத்திலிருந்தே 3,000 கூடுதல் என்றால் 15 வருடம் 7 மாதத்தில் கடன் முடியும், வட்டியில் 8.3 லட்சம் மிச்சம். 5,000 கூடுதல் என்றால் 13 வருடம் 8 மாதம்தான், மிச்சம் 11.7 லட்சம்.

என் நண்பன் 5 வருடம் கழித்துத்தான் முழித்துக்கொண்டான். இப்போதிலிருந்து மாதம் 5,000 சேர்த்துக் கட்டினால் அவனுக்கு மிச்சம் 4 வருடமும் 6.2 லட்சமும். லேட்டானதற்கான விலை, பாதிக்குப் பாதி. ஆனாலும், அவனுடைய மகளுக்கு இப்போது 4 வயது. பழைய கணக்குப்படி போனால் அவள் காலேஜில் இருக்கும்போதும் இ.எம்.ஐ ஓடும். புதுக் கணக்கில் அவள் பத்தாவது படிக்கும்போதே கடன் முடிகிறது. அவனை அசைத்தது லட்சக்கணக்கு இல்லை, இந்த வயசுக் கணக்குதான்.

அந்த 5,000 எங்கே இருந்தது?

"சம்பளத்துல ஒரு ரூபா மிச்சமில்லடா" என்றான். சரி, யு.பி.ஐ ஆப்பைத் திறந்து கடைசி 3 மாத ஹிஸ்டரியைப் பார் என்றேன். (நானும் என்னுடையதைத் திறந்து பார்த்தேன். அதைப்பற்றி இங்கே வேண்டாம்.)

அவன் குடிகாரன் இல்லை. வேலை நாளில் தொடவே மாட்டான். சனிக்கிழமை மட்டும், நண்பர்களோடு. ஆனால் மாதத்துக்கு 4 சனிக்கிழமை. ஒரு தடவைக்குச் சராசரியாக 1,500, ஆக 6,000. குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதால் கேப் 300 வீதம் 1,200. ஞாயிறு காலை எழ முடியாமல் ஆர்டர் செய்யும் பிரியாணி 250 வீதம் 1,000. மொத்தம் 8,200 ரூபாய். "சரக்குக்கு மாசம் ரெண்டாயிரம் ஆகும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தவன், இந்தக் கூட்டலைப் பார்த்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நாலை ஒன்றாக்கினான். முழுசா விடவில்லை, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வைத்துக்கொண்டான். மிச்சம் 6,150. அதில் 5,000 லோனுக்கு, மீதி நண்பர்களோடு டர்ஃப் கிரிக்கெட்டுக்கு.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறோம். சனிக்கிழமை பாருக்குப் போகாமல் மிச்சப்படுத்திய 1,500, அக்கவுன்ட்டில் சும்மா கிடந்தால் புதன்கிழமைக்குள் ஷாப்பிங் ஆப்பில் கரைந்துவிடும். குறைத்த செலவு கையில் நிற்காது. அதனால் மாதக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று விடாமல், சம்பளம் வந்த மறுநாளே 5,000 லோன் அக்கவுன்ட்டுக்குப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துவிடுங்க. அப்புறம் வீக்எண்ட் வரும்போது காசே இருக்காது. குடிக்காமல் இருக்க அதுவே ஒரு உதவி!

குறைக்கிறது எப்படி?

முதலில் அளவைத் தெரிஞ்சுக்கோங்க. 30 மி.லி விஸ்கி அல்லது பிராந்தியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மி.லி. அதாவது, 60 கிராம். "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்பது உண்மையில் 6 டிரிங்க். அதில் 400 கலோரிக்கு மேல் இருக்கு, சைடு டிஷ் தனி. 'பீர்தானே' என்பதும் சரியில்லை. 650 மி.லி ஸ்ட்ராங் பீர் 8 சதவிகிதம் என்றால் 40 கிராம் வந்துவிடும்.

'அளவா குடிச்சா இதயத்துக்கு நல்லது' என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில், புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில்தான் மதுவும் இருக்கிறது.

நண்பனுக்குக் கஷ்டமாக இருந்தது குடிக்காமல் இருப்பது இல்லை. 'என்னடா ஆச்சு உனக்கு?' என்ற கேள்விதான். முதல் ரெண்டு வாரம் "மாத்திரை சாப்பிடுறேன்" என்று பொய் சொன்னான். மூன்றாவது வாரம் லோன் ஸ்டேட்மென்ட்டை குரூப்பில் போட்டுவிட்டான். கிண்டல் நின்றது, ரெண்டு பேர் அவரவர் பாக்கியைத் தேட ஆரம்பித்தார்கள். போகிற சனிக்கிழமையிலும் சில வழிகள் வைத்திருக்கிறான். சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். முதலில் லைம் சோடா. பில்லைச் சமமாகப் பிரிக்காமல் அவரவர் குடித்ததற்கு அவரவர். வீட்டில் பாட்டில் ஸ்டாக் கிடையவே கிடையாது. "ஃபுல்லா வாங்கினா சீப்" என்பது கணக்கில் சரி, ஆனால் சீக்கிரமே அதிகமாகக் குடிக்க வைக்கும்.

சறுக்கலும் உண்டு. மூன்றாவது மாதம் ஆபீஸில் புரமோஷன் ட்ரீட், ஒரே ராத்திரியில் 3,200 போனது. அந்த மாதம் லோனுக்குப் போட்ட எக்ஸ்ட்ராவில் கைவைக்க முடியாததால், டர்ஃபுக்கும் டிபனுக்கும் திண்டாடினான். அடுத்த மாதம் மறுபடி பழைய பாதைக்கு வந்துவிட்டான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தினமும் குடிக்கிறவங்க, காலையில் கை நடுங்குறவங்க, காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று திடீரென்று ஒரே நாளில் நிறுத்தாதீங்க. வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரின் உதவியோடுதான் நிறுத்தணும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. ரெண்டுமே இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இது ஒழுக்கப் பிரச்னை இல்லை, நோய். தயங்காமல் போகலாம்.

டீயில் கைவைக்காதீங்க!

சிக்கனம் என்றதும் எல்லோரும் முதலில் டீயை நிறுத்தச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தினம் ரெண்டு டீயை விட்டு, முகம் வாடி, பத்தாவது நாள் எல்லாச் சிக்கனத்தையும் தூக்கிப் போடுவதைவிட, பெரிய ஓட்டைகளை அடைப்பது மேல். பார்க்காத ஓ.டி.டி-க்கு ஓடும் ஆட்டோபே, நடக்கிற தூரத்துக் கடையிலிருந்து டெலிவரி, ரயில் வசதி இருந்தும் தினமும் பைக் டாக்ஸி. தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயில் இருக்கிறது, சீசன் டிக்கெட்டும் இருக்கிறது. கரன்ட் பில்லில், ரெண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடும். 480-ல் இருக்கும்போதே ஏ.சி-யைக் கவனிங்க.

பேங்க்கில் என்ன கேட்கணும்?

ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டினால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. ஃபிக்ஸட் வட்டி என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க.

பணம் போடும்போது ரெண்டு வார்த்தை முக்கியம். ஒன்று, 'பார்ட் பேமென்ட், அசலில் கழிக்கணும்' என்று தெளிவாகச் சொல்லுங்க. சொல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கான அட்வான்ஸாக அது உட்கார்ந்துவிடலாம். ரெண்டு, 'இ.எம்.ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைங்க.' நண்பனுக்கு முதல்முறை இதில்தான் குளறுபடி. தவணையைக் குறைத்துவிட்டார்கள், அது கொஞ்சம் குறைந்ததைப் பார்த்து இவனும் சந்தோஷப்பட்டுவிட்டான். அப்புறம் கிளைக்கு நேரில் போய் எழுதிக்கொடுத்து மாற்றினான். ஒவ்வொரு முறை கட்டிய பிறகும் புது ஸ்டேட்மென்ட்டில் மீதிக் காலம் எத்தனை மாதம் என்று பாருங்க.

ரெப்போ விகிதம் 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4-லிருந்து 6.5 சதவிகிதமாக ஏறியபோது, பலருக்கு இ.எம்.ஐ மாறவே இல்லை. சத்தமில்லாமல் காலம் நீண்டது. 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களைக் கேட்கணும். 20 வருடக் கடன் இப்போது எத்தனை வருடமாக இருக்குன்னு இன்னிக்கே ஆப்பில் பார்த்துடுங்க.

எல்லோரும் உடனே கட்டணுமா?

இல்லை. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதுதான் முதலில். வருடத்துக்கு 36 முதல் 42 சதவிகிதம் வட்டி ஓடும் கடனை வைத்துக்கொண்டு 8.5 சதவிகிதக் கடனை அடைப்பது வீண் வேலை. அடுத்து, 4 முதல் 6 மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும். லோனில் போட்ட பணத்தை, வேலை போனால் திரும்ப எடுக்க முடியாது. ஓவர் டிராஃப்ட் வகை ஹோம் லோனில் மட்டும் எடுக்கலாம், ஆனால் வட்டி கொஞ்சம் கூடும். கடன் உங்கள் பேரில் என்றால் டேர்ம் இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

'அதே 5,000-ஐ எஸ்.ஐ.பி-யில் போட்டா 12 சதவிகிதம் வருமே?' வரலாம், வராமலும் போகலாம். கடனை அடைத்தால் 8.5 சதவிகிதம் நிச்சயம், அதற்கு வரியும் இல்லை. எஃப்.டி, பி.பி.எஃப் எதுவும் இந்த அளவுக்குத் தராது. வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருக்கிறேன் என்பவர்கள், தாங்கள் புதிய வரிமுறையில் இருக்கிறோமா என்று பார்க்கணும். அதில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. ரெண்டிலும் பாதிப் பாதி போடுவதில் தப்பில்லை. என் ஓட்டு கடனுக்கே.

கடன் முடியும் நாளில்...

கடைசித் தவணை கட்டியதும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீங்க. நோ டியூ சான்றிதழ் வாங்கணும். மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தரணும். தங்கள் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரணும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி பதிவு செய்திருப்பீங்க. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அதே அலுவலகத்தில் பதியணும். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துடுங்க. சிபில் ரிப்போர்ட்டிலும் கடன் 'குளோஸ்டு' என்று வந்திருக்கணும். வராவிட்டால், அடுத்த கடன் கேட்கப் போகும்போது பழைய கடன் வந்து வழிமறிக்கும்.