கண்வலிக்கிழங்கு சாகுபடி: விதை வருமானம், கிழங்குதான் முதல்

ஐப்பசி, கார்த்திகையில் வேலியோரக் கிளுவையில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீ பிடித்தது போல் பூத்து நிற்கும் செங்காந்தளை உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுதான். கார்த்திகைப் பூ, கண்வலிப் பூ என்றும் சொல்வார்கள். கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் இது வேலிப் பூவாக மட்டும் இல்லாமல் பணப்பயிராகவும் இருக்கிறது. இதன் விதையிலிருந்து எடுக்கும் கால்சிசின் என்ற வேதிப்பொருள் கௌட் எனப்படும் மூட்டுவாதத்துக்கு மருந்தாகிறது. விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கும் பயிர்ப் பெருக்க ஆய்விலும் இதே பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்தப் பயிரில் நஷ்டப்பட்டவர்களிடம் பேசினால், விதை விலை இறங்கியதைத்தான் முதலில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் கொஞ்சம் தோண்டிக் கேட்டால், முதல் வருடமோ இரண்டாம் வருடமோ கிழங்கு பாதி அழுகிப்போயிருக்கும். ஏக்கருக்கு 800 முதல் 1000 கிலோ கிழங்கு வேண்டும். செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போகிறது. ஒரு முறை நட்டால் ஐந்து வருடம் வரை பலன் எடுக்கலாம். விதை வட்டி, கிழங்கு முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதை விலை குறைந்த வருடத்தைக் கிழங்கு இருந்தால் தாண்டிவிடலாம். கிழங்கு போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நடுவதற்கு முன்பே, விதையை யார் வாங்குவார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இது சந்தைக்குக் கொண்டுபோய் ஏலம் விடும் பொருள் அல்ல. வாங்குபவர்கள் மிகச் சிலர். பக்கத்தில் யாரும் பயிர் செய்யாத ஊரில் தனியாக ஒருவர் நான்கு ஏக்கர் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. முதலில் கால் ஏக்கரில் பழகுங்கள்.

கிழங்கு தேர்வு

விதை போட்டு வளர்த்தால் பூ எடுக்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அதனால் எல்லோரும் கிழங்குதான் நடுகிறார்கள். ஒவ்வொன்றும் 50 முதல் 60 கிராம் எடையுள்ள, கெட்டியான, தோலில் கருமையோ ஈரப்புள்ளியோ இல்லாத கிழங்காகப் பார்த்து எடுங்கள். விரலால் அழுத்தும்போது மெத்தென்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கிழங்கின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. உருளைக்கிழங்கு போல உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி உடைந்தால் அந்தக் கிழங்கு பெரும்பாலும் முளைக்காது. கவட்டை போன்ற கிழங்கை இரண்டாக உடைத்து நடலாம்; அப்போது இரு பக்க நுனியும் சேதமில்லாமல் இருக்க வேண்டும். சாக்கில் கட்டி, வண்டியில் தூக்கிப்போட்டு வருவதால் நுனி உடைந்து பயிரில் விழுந்த இடைவெளிகளை நிறைய வயல்களில் பார்த்திருக்கிறேன். வைக்கோல் பரப்பிய பெட்டியில் கொண்டு வாருங்கள். கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

காட்டில் தோண்டி எடுத்த கிழங்கு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம். இப்படித் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இந்தக் கொடி அருகிவிட்டது. எங்கிருந்தோ வந்த கிழங்கோடு அழுகல் நோயும் உங்கள் வயலுக்கு வந்து சேரும்.

நிலமும் நடவும்

செம்மண், மணல் கலந்த செம்மண் ஏற்றது. களிமண், தண்ணீர் தேங்கும் பள்ளக்காடு வேண்டாம். எவ்வளவு உரம் போட்டாலும் அங்கே கிழங்கைக் காப்பாற்ற முடியாது. ஆனி கடைசியிலிருந்து ஆடி முடிய நடலாம். ஏக்கருக்கு 4 டன் மட்கிய தொழு உரம் இட்டு, இரண்டு மூன்று உழவு ஓட்டி, ஒரு அடி ஆழத்துக்குச் சால் எடுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டு அடி, கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி இடைவெளி போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பண்டாசிம் கலந்த கரைசலில் கிழங்கை அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, சாலில் கிடையாக வைத்து நான்கு முதல் ஆறு விரல்கிடை மண் மூடுங்கள். இயற்கை முறையில் செய்பவர்கள் ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து சாலில் தூவலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். பூஞ்சாணக்கொல்லி டிரைக்கோடெர்மாவையும் பாதிக்கும்.

இது பற்றிப் படரும் கொடி. இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். முள்கிளுவைக் குச்சி, விராலி மிலாறு, கம்பிப் பந்தல் எதுவானாலும் சரி, கொடி ஒரு அடி உயரம் வருவதற்குள் துணை தயாராக இருக்க வேண்டும். காற்றில் ஆடி வளர்நுனி ஒடிந்தால் அந்தக் கொடி அந்த வருடம் தேறாது. களை எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். முளை வெளியே வரும் நாட்களில் மண்வெட்டி, களைக்கொத்து இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிடுங்குங்கள்.

மண் பரிசோதனை செய்யாதவர்கள் ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல்சத்து என்று கணக்கிடலாம். அதாவது யூரியா 104 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ. யூரியாவில் பாதியை மட்டும் அடியுரமாகக் கொடுத்து, மீதியைப் பூ எடுக்கும் முன் மேலுரமாக வையுங்கள். நட்டவுடன் ஒரு தண்ணீர், பிறகு மண்ணின் ஈரம் பார்த்து ஐந்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதும்.

புழுவும் அழுகலும்

கருப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட புழு ஒன்று கூட்டமாக வந்து இளம் இலையைத் தின்னும். ஆரம்பத்திலேயே கையால் பொறுக்கினால் முடிந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சினால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. பூ இருக்கும் நாட்களில் எந்த மருந்தையும் மாலையில் மட்டுமே தெளியுங்கள்.

இலைக்கருகல் வந்தால் மேன்கோசெப், லிட்டருக்கு 2 கிராம். கிழங்கழுகல் இதைவிட மோசமானது. வடகிழக்குப் பருவமழையில், பயிர் நன்றாகப் பூத்துக் குலுங்கும்போதுதான் வரும். கொடி அடியிலிருந்து மஞ்சளித்துத் தலை சாயும். உரம் போதவில்லை என்று நினைத்து யூரியா போடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்யாமல் ஒரு கொடியைத் தோண்டிப் பாருங்கள். கிழங்கு பழுப்பாகக் கொழகொழத்திருந்தால் அதை மண்ணோடு அள்ளி வயலுக்கு வெளியே எரித்துவிட்டு, அந்தக் குழியிலும் சுற்றியுள்ள கொடிகளின் தூரிலும் லிட்டருக்கு 1 கிராம் கார்பண்டாசிம் கரைசலை ஊற்றுங்கள். மழைக்கு முன் புரட்டாசியிலேயே வடிகால் வெட்டி வைத்த வயலில் இந்த வேலை பெரும்பாலும் வராது.

காலையில் மகரந்தம் சேர்க்க வேண்டும்

விதை மகசூல் கூடுவதும் குறைவதும் இந்த ஒரு வேலையில் இருக்கிறது. பூவை உற்றுப் பாருங்கள். ஆறு இதழும் மேல்நோக்கி மடிந்திருக்கும். மகரந்தப் பைகள் ஆறும் சுற்றிலும் விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியில் ஒடித்து வைத்தது போல ஒரு பக்கமாகத் திரும்பி, அவற்றிலிருந்து விலகி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் விழாதபடி இயற்கை செய்த ஏற்பாடு இது. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் தேன்சிட்டும் இதைப் பார்த்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பூ மலரும் வயலில் அவை போதாது. நாம்தான் செய்ய வேண்டும்.

காலை 7 மணி முதல் 11 மணிக்குள், மகரந்தப் பை வெடித்து மஞ்சள் தூள் தெரியும் பூவிலிருந்து ஒரு பையைக் கிள்ளி எடுங்கள். அதை வேறு கொடியில் அன்றோ முதல்நாளோ மலர்ந்த பூவின் சூல்தண்டு நுனியில் மெதுவாகத் தடவுங்கள். நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும். மூன்றிலும் தூள் ஒட்ட வேண்டும். மெல்லிய தூரிகையும் பயன்படுத்தலாம். இதழ் முழுதும் சிவந்துபோன பூ வயதான பூ. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். புதுப்பூவின் இதழில் பச்சையும் மஞ்சளும் அதிகமாக இருக்கும், அதுதான் அடையாளம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பூக்கள் காய்க்காமல் உதிரும். பூக்காலம் முழுக்க தினமும் காலையில் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் பரப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அறுவடையும் ஓய்வும்

நட்டு 160 முதல் 180 நாளில் காய் முற்றும். தோல் சுருங்கி, கையில் எடுக்கும்போது எடை இல்லாமல் லேசாக இருந்தால் பறிக்கலாம். வெடிக்கும்வரை காத்திருந்தால் விதை மண்ணில் போய்விடும். காயை நிழலில் ஒரு வாரம், பத்து நாள் பரப்பி வைத்தால் தானாக விரியும். விதையைப் பிரித்து மறுபடி நிழலிலேயே உலர்த்துங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சாணம் பிடித்து விலை விழும். காய்த்தோலையும் எறிய வேண்டாம், அதற்கும் குறைந்த விலை உண்டு. நன்றாகப் பராமரித்த வயலில் பொதுவாக ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ காய்ந்த விதை எதிர்பார்க்கலாம்.

அறுவடை முடிந்ததும் கொடி காயும். செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகி மண்ணுக்குள் உறங்குகிறது. தையிலிருந்து வைகாசி வரை தண்ணீர் கட்டவே கூடாது. பக்கத்து வயலின் கசிவுகூட வரக்கூடாது. மண் வறண்டு கிடக்கும் நிலத்தில் கிழங்கை அப்படியே விட்டுவைக்கலாம். கோடை மழை தேங்கும் நிலமானால் தூரிலிருந்து ஒரு அடி தள்ளித் தோண்டி எடுத்து, காற்றோட்டமான நிழலில் காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிப் பார்த்து, அழுகியதைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

விஷம் பற்றி

வேர் முதல் விதை வரை எல்லாமே விஷம். கிழங்கும் அப்படித்தான். வேகவைத்தாலும் விஷம் போகாது. மணலில் புதைத்த கிழங்கைப் பார்ப்பவர்கள் சர்க்கரைவள்ளி என்றோ காட்டுவள்ளி என்றோ நினைத்துவிட முடியும். வீட்டுத் திண்ணையிலும் சமையலறைப் பக்கமும் வைக்காதீர்கள், பூட்டிய அறையில் வையுங்கள். விதை உலர்த்தும் இடத்தில் சிறு பிள்ளைகளும் கோழியும் ஆடு மாடும் வரக்கூடாது. கொடியை மாட்டுக்குப் போடாதீர்கள். விதை பிரிக்கும் பெண்கள் கையுறையும் முகத்துணியும் கட்டிக்கொள்ளட்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி, தொண்டை எரிச்சல், வயிற்றுப்போக்கு தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். இப்போது நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் வைத்துக்கொண்டு புளித்தண்ணீர், மோர், நாட்டு வைத்தியம் என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது. சீக்கிரம் தொடங்கும் மருத்துவமனைச் சிகிச்சையே உயிரைக் காக்கும். உடனே 108-ஐ அழையுங்கள். தின்ற கிழங்கின் மீதித் துண்டையோ கொடியையோ ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், எத்தனை மணிக்கு, எவ்வளவு தின்றார் என்பதோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.