செம்மண்ணும் செருப்பும்

எங்க நாஞ்சில் நாட்டுல கோயில் கொடைன்னா வில்லுப்பாட்டு இல்லாம இருக்காது. முத்துப்பட்டன் கதையை நான் முதல்ல கேட்டது அங்கதான்.

அதுக்கு முன்னாடி குறுந்தொகை 40-ஆம் பாட்டு. ஏறக்குறைய 2,000 வருஷம் பழசு. முன்பின் தெரியாத ரெண்டு பேர். உன் அம்மா யாரு, அப்பா யாரு, என்ன உறவுன்னு கேள்வி வருது. ஆனா செம்மண்ணுல விழுந்த மழை மாதிரி மனசு கலந்துபோச்சு, அதோட கேள்வி முடிஞ்சுது. இந்த உவமையாலயே கவிஞருக்குச் செம்புலப்பெயனீரார்னு பேர்.

வில்லுப்பாட்டுல அதே கேள்வி அவ்வளவு லேசா முடியல. முத்துப்பட்டன் பிராமணன். அவன் விரும்பினது பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்து அக்கா தங்கையை. அவங்க அப்பா வாலப்பகடை போட்ட நிபந்தனை: பூணூலை அறுக்கணும், குடுமியை எடுக்கணும், செருப்புத் தைக்கணும். பட்டன் எல்லாத்தையும் செஞ்சான். பிறகு மாடு திருட வந்தவங்களோட மோதி செத்தான். மனைவிகள் தீயில இறங்கினாங்க.

சங்கப் பாட்டுல காதலர்களுக்குச் சாதி சொல்லப்படல. இங்கே சாதிதான் கதையே. இதைவிட என்னை உறுத்துறது இன்னொண்ணு: அந்தப் பெண்கள் பிறப்பால பிராமணர்கள்தான்னு சொல்ற வடிவமும் உண்டு. இது பிற்சேர்க்கைன்னு ஆய்வாளர் நா. வானமாமலை சொல்றார். அப்படி மாத்தினா பட்டன் எந்த எல்லையையும் தாண்டலைன்னு ஆயிடும்.

ஆனா காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல, பட்டவராயனுக்கு மக்கள் இன்னும் செருப்பைத்தான் காணிக்கையா வைக்கிறாங்க. அடுத்த கொடையில இந்தக் கதை நடந்தா, அந்தப் பெண்கள் யாரு வீட்டுப் பிள்ளைகள்னு பாடுறாங்கன்னு காது கொடுத்துக் கேளுங்க.