ஓதுவோரும் வாரியமும்: திருபுவனைக் கல்வெட்டில் ஒரு விதி

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் இருக்கிறது திருபுவனை. அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜனின் 30ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது கி.பி. 1048ஆம் ஆண்டுக்குரியது, ஒரு கல்வி அறத்தைப் பதிவு செய்கிறது. மாணவர் 260 பேர், ஆசிரியர் 12 பேர். அவர்களுக்கென ஒதுக்கிய நிலம் 72 வேலி. அதிலிருந்து ஆண்டுக்கு வர வேண்டிய நெல் 12,000 கலம். சோழர்காலக் கல்வி பற்றி எழுதியோர் பலரும் இந்த எண்களை எடுத்தாண்டிருக்கிறார்கள். எண்களுக்குப் பக்கத்திலேயே சிறு விதி ஒன்றும் உண்டு. இங்கே ஓதுவிப்போரும் ஓதுவோரும் ஊர்ச் சபையின் குழுக்களான வாரியங்களின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறார்கள். இக்கட்டுரை அந்த ஒரு விதியைப் பற்றியது.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி ‘சோழர்கள்’ நூலில் இதை விலக்களிப்பாக எடுத்துக்கொண்டார். பின்வந்தோர் அதையே ‘கல்விமான்களுக்குத் தந்த சலுகை’ என்று விரித்தனர். படிப்பவரை ஊர்வேலைக்கு இழுக்காமல் நிம்மதியாகப் படிக்க விட்டார்கள் என்பது இதன் பொருள். சாஸ்திரியின் வாசிப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைத் துருவி ஆராய்ந்து, வாரியம் என்ற அமைப்பை நமக்கு விளங்க வைத்தவர்களில் முதன்மையானவர் அவர். வாரியப் பணி எளிதானதல்ல என்பதும் உண்மை. ஏரியைக் காப்பது, தோட்டத்தைப் பார்ப்பது, பொன்னின் தரம் நோக்குவது என 360 நாள் ஓடியாட வேண்டிய பொறுப்பு அது. வேதமும் இலக்கணமும் பயில்பவரை அதில் கட்டிப்போடாமல் விட்டது நியாயமே என்று தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தது உத்தரமேரூர்க் கல்வெட்டேதான். முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) வகுத்த விதிப்படி, வாரியத்துக்கு ஆள் தேரும் குடவோலையில் பெயர் இடுவதற்கு வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். இறை செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். திருபுவனையிலும் இதையொத்த வழக்கம் இருந்திருந்தால், 260 மாணவரில் எத்தனை பேர் வாரியத்துக்குத் தகுதி பெற்றிருப்பார்கள்? பெரும்பாலோர் வயதாலேயே வெளியே நின்றிருப்பார்கள். இல்லாத கடமையிலிருந்து ஒருவருக்கு விலக்களிப்பது சலுகை ஆகுமா? சலுகை என்ற வாசிப்பு ஆசிரியர் பன்னிருவருக்குப் பொருந்தலாம். மாணவரையும் சேர்த்துச் சொன்னதற்கு அது விடை தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 921ஆம் ஆண்டு விதியில், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவராயின் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும். அதாவது, கற்றவரை வாரியத்துக்குள் கொண்டுவரவே அந்தச் சபை விரும்பியது. 127 ஆண்டுகள் கழித்து இன்னொரு சபை கற்றவரை வெளியே நிறுத்துகிறது. கல்வியின் மதிப்பு இடையில் குறைந்துவிடவில்லை. கற்றவரின் நிலைதான் மாறியிருந்தது. உத்தரமேரூரில் அவர் தம் நிலத்தில் வாழ்பவர். திருபுவனையிலோ ஊர் பொறுப்பேற்ற அறத்தின் நெல்லை நாள்தோறும் அளந்து பெறுபவர். நெல்லைப் பெறுபவரே ஏரியையும் பொன்னையும் பார்க்கும் வாரியத்தில் அமர்ந்தால், அளக்கும் கையும் வாங்கும் கையும் ஒன்றாகிவிடும். இந்த விதி அதைத் தடுக்கவே வந்தது என்பது என் வாதம். இன்றைய சொல்லில் கூறினால், அகத்தணிக்கையின் முதற்படி இது.

கணக்கைப் பற்றிய இந்த விழிப்பு திடீரென முளைத்ததல்ல. கி.பி. 866இல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று அமைத்த பார்த்திவசேகரபுரத்துக் கல்விச்சாலையில், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு, 95 சட்டர்க்கு (மாணவர்க்கு) இடம் வகுத்தார்கள். பவிழிய சரணத்துக்கு (வேதப் பிரிவுக்கு) 45, தைத்திரீயத்துக்கு 36, தலவகாரத்துக்கு 14. கூட்டினால் 95 வருகிறது. வசைமொழிக்கும் அடிதடிக்கும் தண்டம் சொல்லும் செப்பேடு அது. இங்கே அக்கறை இடங்களின் எண்ணிக்கையிலும் நடத்தையிலும் நிற்கிறது. உத்தரமேரூர் அடுத்த அடியை வைக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு வர முடியாது. கணக்கு எழுதியவர் தாமே கணக்கை ஒப்புவித்து, நேர்மையாளர் என்று ஏற்கப்பட்ட பிறகே மீண்டும் அப்பணிக்கு வரலாம். அவர் எழுதிய கணக்கை முடிக்க வேறொருவரை வைக்கவும் கூடாது. பழியை அடுத்தவர் மேல் தள்ளிவிடும் வழியை அந்த விதி அடைத்துவிடுகிறது.

இவற்றுக்கும் திருபுவனைக்கும் இடையில் நிற்பது விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம். முதலாம் ராஜேந்திரன் காலத்தது என்பதற்கு மேல் அதன் ஆண்டை இறுக்கிச் சொல்வதை நான் தவிர்க்கிறேன். வாதத்துக்கு அது தேவையுமில்லை. அங்கே மாணவர் 340 பேர். வேதமும் ரூபாவதார இலக்கணமும் பயிலும் இளையோர் 270 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10 என மூத்தோர் 70 பேர். ஆளுக்குக் குறுணி இருநாழி.

இதைக் கூட்டிப் பார்த்தேன். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம். இளையோர்க்கு 1,620 நாழி, அதாவது 16 கலம் 10 குறுணி 4 நாழி. மூத்தோர்க்கு 700 நாழி, அதாவது 7 கலம் 3 குறுணி 4 நாழி. இரண்டு வரிசையிலும் நான்கு நாழி துண்டு விழுகிறது. ஒன்றாகச் சேர்த்தாலோ துண்டு மறைந்து 24 கலமும் ஒரு பதக்கும் (இரு குறுணி) முழுதாக நிற்கின்றன. வாரியத்தின் பதவிக்காலமான 360 நாளால் பெருக்கினால் மிகச் சரியாக 8,700 கலம்.

தற்செயல் என்று சொல்ல இடமுண்டு. 340 என்ற எண்ணை வேறு காரணத்துக்காக வைத்து, கணக்கு அதுவாக அமைந்திருக்கலாம். ஆனாலும் தலைக்கு இத்தனை நாழி, வகுப்புக்கு இத்தனை பேர் என்று பிரித்துக் கல்லில் வெட்டியதன் விளைவைப் பார்க்க வேண்டும். மொத்தத்தை மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டியதுதான். சரிபார்க்க வழி கிடையாது. பிரித்து எழுதியதால், நாழி தெரிந்த எவரும் கோயிற்சுவரின் முன் நின்று கூட்டிப் பார்க்கலாம். கல் இங்கே பேரேடாகவும் நிற்கிறது. எண்ணாயிரத்தில் கணக்கு எல்லோர் கண்ணிலும் பட வைக்கப்பட்டது. திருபுவனையில் பெறுபவர் கணக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டார். இவ்விரண்டையும் ஒரே வளர்ச்சியின் இரு கட்டங்களாகவே நான் காண்கிறேன்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை மறைக்க மாட்டேன். உத்தரமேரூர் விதி உத்தரமேரூருக்கு உரியது. அதைத் திருபுவனைக்கு அப்படியே ஏற்றுவது அனுமானமே. சபைக் கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் வாய்பாடுகள் உண்டு. மாணவரைச் சேர்த்தது அத்தகைய வாய்பாடாகவும் இருக்கலாம். வீரராஜேந்திரனின் 5ஆம் ஆண்டுத் திருமுக்கூடல் கல்வெட்டு (அவன் பட்டமேறிய ஆண்டை எப்படிக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 1067 அல்லது 1068) கோயில், கல்விச்சாலை, 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை ஆகிய மூன்றின் செலவையும் ஒரே பட்டியலில் நிரல்படுத்துகிறது. செலவைப் பிரித்து எழுதும் போக்குக்கு அது நல்ல சான்று. பெறுபவரை விலக்கும் போக்குக்கு அதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. ஆக, என் வாதத்தின் நடுத்தூண் திருபுவனை ஒன்றே. ஒற்றைத் தூணில் பெரிய மண்டபம் எழுப்ப முடியாது என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

இன்றைய சட்டம் எதிர்த்திசையில் செல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. பயன்பெறுவோர் பக்கம் நிற்பவரே கண்காணிக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் நம்பிக்கை. பெறுபவர் பொறுப்பில் இருக்கக்கூடாது என்பது திருபுவனைச் சபையின் அச்சம். ஒன்றின் முன்னோடியாக மற்றொன்றைக் காட்டுவது வரலாறாகாது. ஆயினும், பிள்ளைகளின் பெயரால் வரும் நெல்லோ பணமோ பிள்ளைகளைச் சேர்கிறதா என்ற கவலை இரண்டுக்கும் பொது. அந்தக் கவலை 1048இலேயே ஒரு விதியாக வடிவம் பெற்றிருந்தது என்றால், அதைச் சலுகை என்ற ஒரு சொல்லில் கடந்து போவது அந்தச் சபையாருக்கு நாம் செய்யும் குறை. ‘சலுகை’ என்ற இடத்தில் ‘நீக்கம்’ என்று வைத்துப் படியுங்கள் என்பதே என் வேண்டுகோள். பதினோராம் நூற்றாண்டின் மற்றக் கல்வி அறங்களையும் இந்தக் கேள்வியோடு அணுகிய பிறகு, என் வாசிப்பு நிற்குமா விழுமா என்று முடிவு செய்யலாம்.