மாவும் குறுணையும்

மரத்தூள் அடுப்பை நீங்கள் பார்த்திருக்கலாம். தூளை இறுகக் கெட்டித்து வைத்தால் அது மணிக்கணக்கில் நின்று எரியும். அதே மரத்தைச் சிராய்களாக அடுக்கினால் சில நிமிடங்களில் எரிந்துவிடும். சிராய்களின் இடைவெளியில் தீ ஓட வழி இருக்கிறது. பழைய துப்பாக்கி மருந்தின் வரலாறும் இந்த இடைவெளியில்தான் அடங்கியிருக்கிறது.

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையே கருமருந்து. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே தருவதால் அதற்குக் காற்று தேவையில்லை. ஆனால் தீ பரவ வழி வேண்டும். ஐரோப்பியர் முதலில் அதை மாவாகவே பயன்படுத்தினர். குழலில் இறுகிய மாவு மந்தமாக எரிந்தது. வண்டியில் குலுங்கியபோது மூன்று பொருள்களும் பிரிந்தன. 15-ஆம் நூற்றாண்டில், மாவை நனைத்துக் கட்டியாக்கி, உடைத்துச் சலித்துக் குறுணையாக்கும் முறை பரவியது. இரு குறைகளும் தீர்ந்தன.

குறுணை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எரிதல் மேற்பரப்பில் தொடங்கி உள்நோக்கிச் செல்கிறது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதை 1 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. எடை மாறவில்லை; பரப்போ பத்து மடங்கு! வாயுவும் அதற்கேற்ப விரைந்து பிறக்கும்.

சக்கிமுக்கித் துப்பாக்கியில் மருந்துக்கு இரண்டு வேலைகள். கல் எஃகில் மோதித் தெறிக்கும் பொறியில் கிண்ணத்து மருந்து உடனே பற்ற வேண்டும். அதற்கு நுண்குறுணை ஏற்றது. அத்தீ சிறு துளை வழியே குழலுக்குள் சென்று குண்டைத் தள்ள வேண்டும். அங்கே குறுணை மிக நுண்மையானால் குண்டு சிறிது நகர்வதற்குள் அழுத்தம் ஏறி, குழலே பிளக்கலாம். மிகப் பருமனானால் மருந்து முழுதும் எரியுமுன் குண்டு வெளியேறிவிடும். 1800-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற பேக்கர் ரைஃபிளை ஏந்திய வீரர்கள், துல்லியமாகச் சுடுவதற்கென நுண்மருந்தைக் கொம்பில் தனியே எடுத்துச் சென்றனர். சாதாரணக் காலாட்படை வீரனோ காகிதத் தோட்டாவின் மருந்தையே கிண்ணத்துக்கும் குழலுக்கும் இட்டான். அவனுக்கு வேண்டியது விரைவு. கிண்ணம் எரிந்தும் குழல் வெடிக்காமல் நின்றுவிட்டால், எதிரி முன்னே அவன் வெறுங்கையன்தான்.

குழல் பெருத்தால் குறுணையும் பெருக்க வேண்டும். அமெரிக்கப் படை அதிகாரி தாமஸ் ராட்மன் பீரங்கிக்குள் எழும் அழுத்தத்தை அளந்து, 1861-இல் வெளியிட்ட தம் ஆய்வுகளில் இதை நிறுவினார். அதன்பின் பெரும் பீரங்கிகளுக்குப் பெருங்குறுணை வந்தது.

இன்று அனல்மின் நிலையங்களில் நிலக்கரியைப் பொடியாக்கிக் காற்றுடன் ஊதி எரிப்பதும் இதே விதியால்தான். ஒரு பொருள் எப்படி எரியும் என்பதை அதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் சொல்லாது. அது எந்த அளவில் உடைந்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.