இரும்புத் துகள் தடுப்புச் சுவர்

மாசுபட்ட நிலத்தடி நீர் ஓடும் பாதையின் குறுக்கே பள்ளம் தோண்டி, அதில் இரும்புத் துகளை நிரப்பி அமைக்கும் நிலத்தடி வடிகட்டி. சுவர் என்று அழைத்தாலும் இது நீரை மறிப்பதில்லை. ஊடே போக விட்டு, போகும்போதே நஞ்சை முறிக்கிறது. மோட்டாரும் மின்சாரமும் தேவைப்படாததே இதன் பெரிய பலம்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், மாதிரி நீர் எடுக்கும் கருவிகளுக்கு எந்தப் பொருள் ஏற்றது என்று 1980களில் ஆராய்ந்தார்கள். உலோகம் பட்ட நீரில் குளோரின் கரைப்பான்களின் அளவு குறைந்துகொண்டே வந்தது. பிறர் கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்த முடிவைப் பேராசிரியர் ராபர்ட் கில்லம் விடாமல் தொடர்ந்தார். 1991இல் ஒன்டாரியோவின் போர்டனில் இரும்பும் மணலும் கலந்த சோதனைச் சுவர் புதைக்கப்பட்டது. கடந்து சென்ற நீரில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற குளோரின் கரைப்பான் சுமார் 90 விழுக்காடு குறைந்தது.

துருப்பிடிப்பதுதான் இங்கே மருந்து. இரும்பு அரிபடும்போது எலக்ட்ரான்களை இழக்கிறது. அவை கரைப்பானிலுள்ள குளோரினைப் பிரித்தெடுக்கின்றன. நீரில் கரையும் ஆறிணைதிறக் குரோமியமும் கரையாத மூவிணைதிற வடிவுக்கு மாறிப் படிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில், எலிசபெத் சிட்டி கடலோரக் காவல் தளத்தின் முலாம் பூசும் பட்டறையிலிருந்து கரைப்பான், குரோமியம் ஆகிய இவ்விரு நஞ்சுகளும் ஆற்றை நோக்கிக் கசிந்தன. 1996இல் அங்கே 46 மீட்டர் நீளமும் 0.6 மீட்டர் தடிமனும் கொண்ட சுவர் அமைந்தது. ஆழம் சுமார் 7 மீட்டர்.

குறைகளும் உண்டு. கார்பனேட் படிவுகள் துளைகளை அடைக்கும். சுவர் மெலிதானால், மூலப்பொருளைவிடக் கொடிய வினைல் குளோரைடு என்ற இடைப்பொருள் முறியாமல் தப்பிவிடும். மாசின் பிறப்பிடத்தையும் சுவர் தொடுவதில்லை. அதைத் தனியே அகற்ற வேண்டும்.