மாசுப் பொறுப்புக் காப்பீடு

ஒரு நிறுவனத்தின் தொழிலால் காற்றோ நீரோ மண்ணோ கெட்டால், அக்கம்பக்கத்தாரின் உடலுக்கும் உடைமைக்கும் நேர்ந்த சேதத்துக்கு அது இழப்பீடு தரவேண்டும். கெட்ட இடத்தையும் தூய்மைப்படுத்த வேண்டும். இவற்றையும் வழக்குச் செலவையும் ஏற்கும் காப்பீடே மாசுப் பொறுப்புக் காப்பீடு. தீக் காப்பீடு முதலாளியின் சொத்தைக் காக்கிறது. இதுவோ மதிலுக்கு வெளியே இருப்பவருக்கு முதலாளி கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறது.

பொதுப் பொறுப்புக் காப்பீட்டிலேயே மாசும் அடங்கிவிடும் என்று பல தொழிலதிபர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அடங்குவதில்லை. இதற்கான காரணம் அமெரிக்காவில் தொடங்குகிறது. 1970களில் அங்குள்ள பாலிசிகள் மாசை விலக்கிவிட்டு, ‘திடீரென, தற்செயலாக’ நேர்ந்த கசிவுக்கு மட்டும் இடம் கொடுத்தன. நியூயார்க் மாநிலத்தின் லவ் கனாலில் ஹூக்கர் நிறுவனம் இரசாயனக் கழிவைப் புதைத்து, 1953இல் அந்த நிலத்தை 1 டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் விற்றிருந்தது. அதன்மேல் பள்ளியும் வீடுகளும் எழுந்தன. 1978இல் அங்கே அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. இதன் எதிரொலியாக 1980இல் வந்த ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம், எப்போதோ கொட்டிய கழிவுக்கும் கொட்டியவரையே பொறுப்பாக்கியது. நிலத்தை இப்போது வைத்திருப்பவரையும் விடவில்லை. பல ஆண்டுகளாக ஊறிக் கசிந்ததைத் ‘திடீர்’ என்று சொல்லலாமா என்று நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. சலித்துப்போன காப்பீட்டு நிறுவனங்கள் 1980களின் நடுவில் மாசை ஏறக்குறைய முழுவதுமாக விலக்கின. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் இந்தத் தனிப் பாலிசி வளர்ந்தது.

இந்தியாவில் இதற்கு வித்திட்டது 1984 டிசம்பரில் நடந்த போபால் நச்சுவாயு விபத்து. அடுத்த ஆண்டே டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, ஆபத்தான தொழில் செய்பவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் சேதத்துக்கு முழுப் பொறுப்பு அவருடையதே என்றது. விதிவிலக்கு எதையும் அது ஏற்கவில்லை. பிறகு வந்தது 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகரமான பொருள்களைக் கையாளும் ஆலைகளுக்குக் காப்பீடு இதனால் கட்டாயமாயிற்று. பாதிக்கப்பட்டவர் ஆலையின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. 5 ஆண்டுகளுக்குள் மாவட்டக் கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதும். ஆனால் உயிரிழப்புக்கு அச்சட்டம் வகுத்த நிவாரணம் 25,000 ரூபாய். அவசர உதவி என்று வேண்டுமானால் சொல்லலாம், ஈடு என்று சொல்ல முடியாது. மேற்கொண்டு கேட்க நீதிமன்றம் போகும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. ஆலைகள் பிரீமியத்துடன் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் பணம் கட்டின. 2008இல் அந்த நிதியின் நிர்வாகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா இன்சூரன்சிடம் ஒப்படைக்கப்பட்டது.

சட்டம் மனத்தில் வைத்திருப்பது விபத்தை. தமிழ்நாடு அதிகம் பட்டதோ விபத்தால் அல்ல. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஒரே நாளில் கிணறுகளைக் கெடுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் மண்ணில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்ததாக நீதிமன்றத்தின் முன் ஓர் ஆய்வு இருந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தத் தீர்ப்பால் இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது. ஆலைகள் பணம் கட்ட மறுத்தால் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்றும் அது சொன்னது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நொய்யலுக்குச் செய்ததும் இதே வகைதான். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்னது.

இப்படி மெல்லப் பரவும் மாசைத் தனிப் பாலிசிகள் ஏற்பதுண்டு, ஆனால் கறாரான நிபந்தனைகளோடு. கோரிக்கை பாலிசிக் காலத்துக்குள்ளேயே எழுந்து அறிவிக்கப்பட வேண்டும். ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன் தொடங்கிய மாசுக்குப் பணம் வராது. முதலாளிக்கு ஏற்கெனவே தெரிந்த மாசு, தெரிந்தே விதியை மீறியது, அபராதம் ஆகியவற்றுக்கும் பொதுவாக வராது. கழிவுநீரை இரவில் ஓடையில் திறந்துவிடும் ஆலைக்கு எந்தப் பாலிசியும் துணை நிற்காது. நிற்கவும் கூடாது.

இரசாயன ஆலைக்கு மட்டும் உரியதல்ல இந்த ஆபத்து. பெட்ரோல் பங்கில் நிலத்தடித் தொட்டி துருப்பிடித்துப் பக்கத்துக் கிணற்றில் எண்ணெய் கலக்கலாம். பழைய கட்டடத்தை இடிக்கும் ஒப்பந்தக்காரர் கல்நார்த் தூசியைக் கிளப்பிவிடலாம். மருத்துவமனைக்குக் கழிவு, சலவை நிலையத்துக்குக் கரைப்பான், லாரி உரிமையாளருக்குக் கவிழும் டேங்கர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வகைப் பாலிசி வேண்டும். பாலிசி தருமுன் நிறுவனங்கள் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வுக்கு உட்படுத்துவதுண்டு.

கப்பல்களின் பொறுப்பைப் பெரும்பாலும் உரிமையாளர்களே சேர்ந்து நடத்தும் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கங்கள் சுமக்கின்றன. 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலுக்கும் இலண்டன் சங்கம் ஒன்றின் காப்பீடு இருந்தது. அதிலிருந்து கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளால் மீனவர்கள் தொழிலை இழந்தனர். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் நிறுவனத்தை 100 கோடி அமெரிக்க டாலர் கட்டச் சொன்னது.

லவ் கனாலில் கழிவின்மேல் வீடுகள் எழுந்ததுபோல, நம் ஊர்களிலும் மூடிய ஆலைகள் மனைகளாகிவருகின்றன. அப்படி ஓர் இடத்தை வாங்குவோர் வில்லங்கச் சான்றிதழோடு மண் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குவது நல்லது. அடமானமும் கிரயமும் சான்றிதழில் இருக்கும். புதைத்த கழிவு இருக்காது.